முடியாதுங்க

அபிநயா தங்கைக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரில் பாதிதான் இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன வந்துவிட்டது என்று தோன்றும். ஆண்டிக்காட்டுப் புதூரில் அப்படி இல்லை. விருந்தாளியை ஒறம்பரை என்பார்கள் அங்கே. ஒறம்பரை வந்து செருப்பைக் கழற்றினால், “வாங்க” என்ற சொல்லோடு சொம்பு நிறையத் தண்ணீரும் வந்தாக வேண்டும். அண்ணாந்து குடித்து, முகத்தைக் கழுவி, மிச்சத்தை வாசல் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போகிற அளவுக்கு வர வேண்டும். பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி படியேறினாலும் சொம்பு முதலில், சண்டை அப்புறம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்தவள் கூடப் பிறந்தவளுக்கு அரை டம்ளர் நீட்டுகிறாள் என்றால் வீட்டில் ஏதோ சரியில்லை என்று பொருள்.

மிதுனா டம்ளரை வாங்கிக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“சொம்பு எங்கக்கா?”

“பரண்ல கெடக்குது கண்ணு. அதை எடுத்தா வெளக்கோணும். வெளக்கறதுக்குத் தண்ணி ஓணும். எதுக்கு அது?”

மிதுனா கடைசியாக இந்த வீட்டுக்கு வந்துபோய் ஏழு மாதம் ஆகிவிட்டது. மாவட்டத் தலைநகரில் நீர்ப் பகிர்வு வாரியத்தில் அவளுக்கு வேலை. ‘மிதம்’ பேசுவதையெல்லாம் எழுதிக் கொடுப்பவள் அவள்தான். அது பேசுவதும் அவள் குரலில்தான்.

மிதம் என்பது உள்ளங்கை அகல வெள்ளைப் பெட்டி. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆழ்துளைக் கிணறுகளில் வெறும் காற்று வர ஆரம்பித்தபோது, வாரியம் வீட்டுக்கு ஒன்றாகச் சுவரில் மாட்டியது. பெட்டி வீட்டின் போக்கைக் கவனிக்கும். எத்தனை சொம்பு தண்ணீர், எத்தனை நாளைக்கு ஒருமுறை துவைப்பு, மின்விசிறி எத்தனை மணிக்கு நிற்கிறது, எல்லாம் பார்க்கும். பார்த்து, இந்த வீடு எதை விட்டுக்கொடுத்தால் அவ்வளவாக வலிக்காது என்று கண்டுபிடித்து, நாளைக்கு ஒன்றே ஒன்று கேட்கும். ஒரு சொம்பு குறைக்கலாமா? இந்தச் சட்டையை இன்னொரு நாள் உடுத்தலாமா? எல்லாம் சின்னச் சின்ன மாற்றம்தான். வீட்டுக்குப் பொறுப்பானவர் சரி என்று வாயால் சொன்னால், மறுநாளிலிருந்து தெருவில் இருக்கிற அடைப்பான் அந்த வீட்டுக்கு அந்த அளவு குறைத்துத் திறக்கும். ‘கேட்காமல் ஒரு சொட்டும் குறைக்க மாட்டோம்’ என்று ஊரெல்லாம் சுவரொட்டி. அதில் பொய்யும் கிடையாது.

மிதுனா வயிற்றுப்பாட்டுக்காக இதில் சேர்ந்தவளும் அல்ல. அவளுக்கு நாலே நாலு சேலை. ஒரு வாளித் தண்ணீரில் குளிப்பாள், அதே தண்ணீரில் கால்மிதியை அலசிவிடுவாள். செருப்பு அறுந்தால் தைத்துப் போட்டுக்கொள்வாள், அலுவலகத்துக்கு நடந்தே போவாள். பூமி தாங்காது என்பதை அவள் பேச்சுக்காகச் சொன்னதில்லை. அதனால்தான் அவள் குரலில் அது எடுபட்டது.

உள்ளறையில் அக்காவின் கணவர் நந்தகோபால் பனியனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். இருபது வருடம் சாயப்பட்டறையில் வெறுங்காலோடு நின்ற உடம்பு. முழங்காலுக்குக் கீழேயும் முதுகிலும் தோல் வெடித்துப் புண்ணாகி இருந்தது. நாளைக்கு இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசிக் குளித்தால் ஆறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன தடவை மிதுனா வந்தபோது முக்கால்வாசி ஆறித்தான் இருந்தது. இப்போது ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். துணியில் ரத்தக் கறை.

“வா அம்மிணி. ஊரையே திருத்திட்டு இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கு?” என்று சிரித்தார்.

“மாமா, என்ன இது? ரெண்டு நேரம் மேலுக்குத் தண்ணி ஊத்தோணும்னு சொன்னாங்கல்ல?”

“ஊத்துனோம். பொறவு ஒரு நேரமாச்சு. பொறவு பாதி மேலுக்காச்சு. இப்பத் தொடச்சுக்கறேன். பரவால்ல உடு.”

மிதுனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நோயாளி இருக்கிற வீட்டில் எப்படி இவ்வளவு குறைந்தது என்று அக்காவைக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அபிநயா சாமி படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றினாள். தீக்குச்சியை அணைத்துவிட்டு அவள் நிமிரவும், சுவரிலிருந்து மிதுனாவின் குரல் வந்தது.

“அக்கா, வெளக்கு வெச்சாச்சுங்களா? மாமாவுக்கு ஒடம்பு எப்படீங்க இருக்குது? ஒண்ணு கேக்கோணும், தப்பா நெனைக்காதீங்க. நாளையிலிருந்து காலையில ஒரே ஒரு சொம்புத் தண்ணி கொறச்சுக்கலாங்களா?”

“அதுக்கென்ன கண்ணு, ஆவட்டும்” என்றாள் அபிநயா, பெட்டியைப் பார்த்து.

“ரொம்ப சந்தோசமுங்க அக்கா. நல்லா இருங்க.”

மிதுனாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் குரல் தன் முன்னாலேயே வந்து, தன் மாமாவின் புண்ணை விசாரித்துவிட்டு, அந்தப் புண்ணைக் கழுவுகிற தண்ணீரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறது.

“அக்கா, அது நானில்ல. பொட்டி.”

“பொட்டின்னு தெரியாமயா இருக்கறேன்? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?”

“அப்பறம் எதுக்குச் சரின்னு சொல்ற? முடியாதுன்னு சொல்லேன்!”

அபிநயா விளக்கையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். “வெளக்கு வெச்ச நேரத்துல வூட்டுல இல்லை, முடியாதுன்னு வார்த்தை வரலாமா? பொட்டியாவே இருக்கட்டும். கொரலு உன்றது. கூடப் பொறந்தவ சாயங்காலமா வந்து, மாமா நல்லா இருக்கறாருங்களான்னு கேட்டுட்டு ஒரு சொம்புத் தண்ணி கேக்கறா. இல்லைன்னு சொல்லி அனுப்பறதா?”

மிதுனா எப்படி அவளைக் குறை சொல்வது? விளக்கு வைக்கிற நேரத்தை வாரியத்துக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தானே.

திட்டம் தொடங்கிய புதிதில் பெட்டி காலை வேளையில் கேட்டுக்கொண்டிருந்தது. காலையில் அடுப்பில் ஒரு கண், கடிகாரத்தில் ஒரு கண். “அட போம்மா, முடியாது” என்று பத்துப் பேரில் எட்டுப் பேர் முகத்திலடித்தாற்போலச் சொல்லிவிட்டார்கள். வாரியத்தில் எல்லோரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது மிதுனா எழுந்து சொன்னாள். “எங்கூருப் பக்கம் விளக்கு வெச்சதும் கேளுங்க சார். அந்த நேரத்துல இல்லைங்கற சொல்லு யாரு வாயிலயும் வராது. அக்கா, அண்ணான்னு கூப்பிட்டு, ஒடம்பை விசாரிச்சுட்டுக் கேளுங்க.” கைதட்டினார்கள். அன்று மதியம் கேன்டீனில் அவளுக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்கள்.

நன்றி சொல்ல நாற்பது வரி எழுதினாள். கேட்பதற்கு முன்னூறு விதம் எழுதினாள். யாராவது மறுத்தால் பெட்டி என்ன சொல்ல வேண்டும் என்ற கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. இயக்குநர் கேட்டதற்கு, “அது வீண் வேலைங்க சார், வெளக்கு வெச்ச நேரத்துல எங்காளுக ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க” என்று சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பு இப்போது ஞாபகம் வந்தது. தன்னையே ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது.

அந்த நேரம் பக்கத்து வீட்டுக் கலாமணி உள்ளே வந்தாள். அறுபது வயது, வாய் மட்டும் இருபது.

“ஓ, பொட்டிக்காரி நேருலயே வந்துட்டயா? உன்ற கொரலு எங்கூட்டுலயும் இருக்குது அம்மிணி. என்ற மருமக ரெண்டு வருசத்துல ஒருக்காக்கூட என்னையச் சாப்பிட்டீங்களான்னு கேட்டதில்ல. பொட்டி தெனமும் கேக்குது. அந்த மருவாதைக்கோசரமே எல்லாத்தையும் உட்டுக்குடுத்துட்டேன். வெள்ளிக்கெழம எண்ணெய் தேச்சுக்கறது போச்சு. தலைக்கு ஊத்தி ஒரு மாசமாச்சு, மோந்து பாக்கறயா?”

தலையை நீட்டினாள். நந்தகோபால் சிரித்தார். மிதுனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக இயக்குநர் ஜெயந்தன் அறைக்குப் போனாள். ஜெயந்தன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடுவது சுலபமாக இருந்திருக்கும். கைத்தறிச் சட்டை, சைக்கிள், மண்பானைத் தண்ணீர் என்று அவரும் சொன்னபடி வாழ்கிறவர்தான். மிதுனா எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“உங்க மாமாவுக்காக வருத்தப்படறேன் மிதுனா. ஆனா நாம யாரையும் கட்டாயப்படுத்தலையே? ஒரு தடவை வாயால முடியாதுன்னு சொல்லிட்டாப் போதும். பெட்டி மாட்டின அன்னைக்கு என்ன அளவு இருந்துச்சோ அந்த அளவு அந்த நிமிஷமே திரும்பிடும். சட்டத்துலயே இருக்கு. ஒப்பந்தத்துலயும் இருக்கு.”

“ஒப்பந்தத்துல பதினேழாவது பக்கத்துல, எறும்பு சைஸுல இருக்கு சார்.”

“இருக்கில்ல? ஆனா உங்கக்கா இருக்கற தறிக்காரர் காலனியில அறுநூத்து நாப்பது வீடு. சாயங்காலத்துக்கு மாத்தினதுல இருந்து ஒருத்தர்கூடச் சொல்லலை. நாட்டுலயே நம்பர் ஒன் காலனி அது. அவங்க மனசு அப்படி.”

“ஏரிக்கரை கார்டன்ஸ்ல எவ்வளவு கொறஞ்சுது சார்?”

ஜெயந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏரிக்கரை கார்டன்ஸ் நீச்சல் குளம் வைத்த வீடுகள் இருக்கிற பகுதி.

“அங்க குரல் வேண்டாம்னு சங்கத்துல எழுதிக் குடுத்துட்டாங்க. வீட்டுக்குள்ள யாரோ பேசற மாதிரி இருக்காம். அதனால ஒரு சின்னத் திரை. குறைச்சுக்க விருப்பம்னா ஒரு கட்டத்தைத் தொடணும்.”

“தொட்டாங்களா?”

“இன்னும் இல்லை.”

“ஒரு வீடுகூடவா?”

“மாறுவாங்க. நாளாகும்.”

மிதுனா விடவில்லை. “சரிங்க சார். எங்க காலனியில கொறச்ச தண்ணியெல்லாம் பூமிக்குத்தானே போகுது?”

“பூமிக்குத்தான். நீர்மட்டம் ரெண்டடி ஏறியிருக்கே.”

“அஞ்சடி ஏறியிருக்கோணும். நானே அறிக்கை எழுதினேன், எனக்குத் தெரியும். மிச்சம் எங்க போச்சு?”

“மிதம் யோசிக்கறதுக்கு ஒரு கம்ப்யூட்டர் கூடம் வேணுமில்ல. லட்சக்கணக்கான வீடு. யார்கிட்ட எந்த வார்த்தையில கேட்டா மனசு வரும்னு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியா யோசிக்குது. அந்த மெஷினெல்லாம் கொதிக்கும். குளிர வைக்கத் தண்ணி வேணும்.”

“ஒரு வூட்டுல ஒரு சொம்பு கொறைங்கன்னு கேக்கறதுக்கு, எத்தனை சொம்புங்க சார் செலவு?”

“அதை யாரும் அளந்ததில்லை.”

அதற்கு மேல் அவளுக்குக் கோபம் அடங்கவில்லை. நாலு சேலையோடு தான் வாழ்ந்த வாழ்க்கையை யாரோ பின்னாலிருந்து கிண்டல் செய்தது போலிருந்தது. “பெட்டியைக் காலனியில நிறுத்துங்க சார். இல்லைன்னா அந்தப் பதினேழாவது பக்கத்தைச் சத்தமாப் படிக்கச் சொல்லுங்க. நான் எழுதித் தரேன்” என்றாள்.

“அது தூண்டுதல் ஆயிடும். வாரியத்து ஆட்கள் யாரும் ஜனங்களைச் சரின்னு சொல்லவோ முடியாதுன்னு சொல்லவோ தூண்டக் கூடாது. நீயும்தான். சொன்னா வேலை போயிடும், அதையும் நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்க.” குரலைத் தணித்துக்கொண்டு, “அடுத்த மாசம் பத்து மாவட்டம் சேருது மிதுனா. எல்லாத்துக்கும் உன் குரல்தான். யோசி” என்றார்.

மிதுனா யோசித்தாள். ரொம்ப நேரமெல்லாம் இல்லை. அவர் மேஜையில் இருந்த மண்பானைக்குக் கீழே சொட்டிய ஈரம் காய்வதற்குள், கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இப்ப நான் வாரியத்து ஆளில்லீங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

தறிக்காரர் காலனிக்கு அவள் வந்து சேர்ந்தபோது மணி ஆறு. நடுத்தெருவில் பழைய மேல்நிலைத் தொட்டி ஒன்று உண்டு, அதன் கீழே சிமென்ட் மேடை. அதில் ஏறி நின்றாள். வழி நெடுகப் பேசவேண்டியதை யோசித்துக்கொண்டே வந்திருந்தாள். ஒப்பந்தத்தின் பதினேழாவது பக்கம், ஏரிக்கரை கார்டன்ஸ், கொதிக்கிற கூடம் எல்லாவற்றையும் கேட்ட பேருக்கெல்லாம் சொன்னாள். தெருவில் நின்றவர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். அநியாயம்தான் என்றார்கள். ஆனால் எல்லோரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்.

“நெசந்தான் அம்மிணி. ஆனா வெளக்கு வெச்ச நேரத்துல எப்படி...” என்றார் ஒருவர்.

“ஒரு ரெண்டு மணி நேரங் கழிச்சுக் கேட்டாச் சொல்லிப்போடுவேன்” என்றாள் ஒருத்தி.

“காலையில கேக்கச் சொல்லேன்.”

மிதுனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனுஷர்களை இவர்கள் மரியாதையிலேயே கட்டிப்போட்டவள் தான்தான் என்பது ஒரு பக்கம். கட்டை அவிழ்த்துவிட்டாலும் எழுந்து வரமாட்டேன் என்கிறார்களே என்பது இன்னொரு பக்கம். அதற்குள் வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிய ஆரம்பித்தது. ஜனங்கள் அவரவர் வாசலுக்குத் திரும்பினார்கள். அபிநயா மேடைக்கு எதிரே தன் வீட்டு வாசற்படியில் தீப்பெட்டியோடு நின்று தங்கையைப் பார்த்தாள், பிறகு உள்ளே போனாள்.

ஆறு இருபதுக்குப் பெட்டிகள் பேசத் தொடங்கின. அறுநூற்று நாற்பது வீட்டிலிருந்தும் ஒரே குரல். அக்கா என்று ஒரு வீட்டில், அண்ணா என்று ஒரு வீட்டில், பெரியம்மா என்று இன்னொரு வீட்டில். மூட்டுவலி எப்படீங்க? பேத்தி காய்ச்சல் விட்டுச்சுங்களா? ஒண்ணு கேக்கோணும், தப்பா நெனைக்காதீங்க. தெருவில் நின்று கேட்டபோதுதான் அது எவ்வளவு பெரிய கூட்டம் என்று மிதுனாவுக்குத் தெரிந்தது. அத்தனையும் அவள்தான். அத்தனை வாசலிலும் நின்று கையேந்திக்கொண்டிருந்தாள்.

அவள் தொண்டையைத் திறந்தாள்.

“முடியாதுங்க!”

தெரு திடுக்கிட்டது. இந்தச் சொல்லை இந்த வேளையில் இந்தத் தெரு கேட்டதே இல்லை. திரும்பவும் கத்தினாள். “முடியாதுங்க! நான்தான் கேட்டேன், நானே சொல்றேன். முடியாதுங்க! குடுக்காதீங்க!”

வாசல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. உள்ளே பெட்டிகள் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தன. வீட்டுக்காரர் வாயால் வந்தால் ஒழிய அவற்றுக்கு எதுவும் பதில் ஆகாது. ஆனால் ஜனங்களுக்கு அவள் கத்தியதே பதில் ஆனது. கலாமணி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று, உள்ளே சுவரையும் வெளியே மேடையையும் பார்த்தாள்.

“ஏனுங், கேட்ட கொரலும் அதுதான், வேண்டாங்கற கொரலும் அதுதான். கேட்டவளே வந்து குடுக்காதீங்கன்னு சொல்லிப்போட்டா, பொறவு நம்ம பேருல என்னங்க குத்தம்?” என்றாள் ஊருக்கே கேட்கும்படி.

அது ஒரு வழக்கறிஞரின் வாதம்தான். ஆனால் அந்தத் தெருவுக்கு அந்த வாதம் போதுமானதாக இருந்தது. ஒறம்பரையே வேண்டாம் என்று கை காட்டிவிட்டால், பரிமாறாதது குற்றம் ஆகாது.

மிதுனா அக்கா வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. அபிநயா விளக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள், மாமா சுவரைப் பிடித்தபடி எழுந்து நின்றிருந்தார். அவர் சொல்லிப் பயனில்லை. வீடு அபிநயா பெயரில் இருக்கிறது, அவள் வாய்தான் வேண்டும். அவள் விளக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். “தாயே, பொறுத்துக்கோ” என்றாள். பிறகு பெட்டியைப் பார்த்து, தங்கையிடம் பேசுகிற அதே குரலில், கோபம் இல்லாமல் சொன்னாள்.

“முடியாது கண்ணு.”

பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. அதற்குச் சொல்லத் தெரியாது. அந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுதி வைக்கப்படவில்லை. மஞ்சள் வெளிச்சம் மட்டும் சிமிட்டிச் சிமிட்டி நின்றது. கொஞ்ச நேரத்தில் தெருவில், அந்த வீட்டு அடைப்பான் டக்கென்று திரும்பியது. சமையலறைக் குழாயில் காற்று இருமியது. இருமி, தண்ணீர் வந்தது.

“முடியாதுங்க” என்றாள் கலாமணி தன் வீட்டில், ஒரு மாதத் தலையழுக்கையும் சேர்த்து. டக். எதிர்வரிசையில் ஓர் ஆண்குரல். டக். அதற்கப்புறம் எண்ண முடியவில்லை. மரியாதை மட்டும் ஒருவருக்கும் விட்டுப்போகவில்லை. அறுநூற்று நாற்பது வீட்டிலும் ‘ங்க’ போட்டே மறுத்தார்கள். அத்தனை பெட்டிகளும் மிதுனாவின் குரலில் மௌனமாக இருந்தன.

பதினைந்து நாள் கழித்து, மிதுனா தங்கியிருந்த அக்கா வீட்டுக்கு ஜெயந்தன் வந்தார். போன் செய்யவில்லை, ஆள் அனுப்பவில்லை, தானே பஸ் பிடித்து வந்தார். வந்த நேரத்தைப் பார்த்ததும் மிதுனாவுக்குப் புரிந்துவிட்டது. அபிநயா அப்போதுதான் விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பியிருந்தாள்.

அவர் செருப்பைக் கழற்றியதும் அபிநயா சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். தளும்பிய தண்ணீரில் கொஞ்சம் அவர் கைத்தறிச் சட்டையில் சிந்தியது.

“வாங்க சார். குடிங்க மொதல்ல.”

ஜெயந்தன் சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நந்தகோபால் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் காலில் புண் காய்ந்து, மேலே புதுத்தோல் மினுமினுத்தது.

“மிதுனா, எனக்கு ஒண்ணு புரியலை. காலனிக்கு முழு அளவும் திறந்துவிட்டிருக்கோம். ஆனா பாதியோட நிறுத்திக்கறாங்க. பல வீட்டுல குளிச்ச தண்ணியைச் செடிக்குத் திருப்பறாங்க. உங்கக்கா வீட்டுல மாமாவுக்கு ரெண்டு நேரம் தாராளமாப் போகுது, மத்ததெல்லாம் முன்ன இருந்ததைவிடக் குறைச்சல். நீ என்ன சொன்ன இவங்ககிட்ட?”

“ஒண்ணும் சொல்லலீங்க சார்.”

“அப்புறம் எப்படி?”

“யாரும் கேக்கலைங்க” என்றாள் அபிநயா, விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே. “எங்க ஊட்டுல எங்க கொறைக்கலாம், எங்க கொறைக்கக் கூடாதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா?”

ஜெயந்தன் தலையை ஆட்டினார். பிறகு விளக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை மெதுவாக்கிக்கொண்டார். அந்த மெதுவையும் மிதுனாதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

“நீ சௌக்கியமா மிதுனா? உடம்பெல்லாம் பரவாயில்லையா? ஒண்ணு கேக்கணும், தப்பா நெனைக்காத. பத்து மாவட்டமும் அப்படியே நிக்குது. யாராவது மறுத்தா என்ன சொல்றதுன்னு தெரியாம மெஷின் திணறுது. ஒரே ஒரு வரி. அந்தக் காலிக் கட்டத்துக்கு ஒரு வரி எழுதிப் பேசிக் குடுத்துடு. கேட்டதும் மறுத்தவங்க மனசு கொஞ்சம் இளகணும், அவ்வளவுதான். நீ எழுதினா நல்லா வரும்.”

“ஏரிக்கரை கார்டன்ஸ்ல கேட்டீங்களா?”

“அவங்ககிட்ட எந்தக் குரல்ல கேக்கறதுன்னு...”

“உங்க குரல்லயே கேளுங்க சார். கதவைத் தட்டி, நேருல நின்னு கேளுங்க.”

“கேக்கறேன். நிச்சயமாக் கேக்கறேன். இப்ப இந்த ஒரு வரி மட்டும்.”

விளக்கு நின்று எரிந்தது. அக்காவும் மாமாவும் அவளைப் பார்த்தார்கள். மிதுனா எழுந்து நின்று, பெரியவர்களிடம் பேசும்போது செய்வதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“முடியாதுங்க” என்றாள்.

ஜெயந்தன் பாதி குடித்த சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று இங்குமங்கும் பார்த்தார். அபிநயாதான் அவருக்கு உதவிக்கு வந்தாள்.

“மிச்சத்தை வாசல்ல அந்தச் செம்பருத்திக்கு ஊத்தீருங்க சார். வீணாக்காதீங்க.”